எந்த ஊர்க் காசு?

நுழையும்முன்

உரோமானியப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் ஏறத்தாழ 300 ஆண்டுகள் சந்தைகளில் புழங்கியவை அந்தந்த நகரங்களே வெளியிட்ட செம்புக் காசுகள். முகமும் எழுத்தும் தேய்ந்துபோன அத்தகைய சில காசுகளின் ஊரைத் தேடிய ஆசிரியர் ஒருவரின் அனுபவமே இக்கட்டுரை.

நாணயத்தில் முதலில் தேய்வது முகம். அச்சில் மிக ஆழமாகக் குடையப்பட்ட இடமே காசில் மிக உயர்ந்து நிற்கும். உயர்ந்து நிற்பதுதான் விரலிலும் பணப்பையிலும் பிற காசுகளிலும் உரசும். ஆகவே கன்னம், புருவம், காதோர முடி என்று அரசனின் முகம் சிறிது சிறிதாக மழுங்கும். தலையின் வெளிக்கோடு மட்டும் நெடுநாள் எஞ்சும். தாழ்ந்த தளத்தில், முகத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் ஓரிரு எழுத்துகள் சிலவேளை அந்த முகத்தைவிட அதிக காலம் வாழ்ந்துவிடுவதும் உண்டு.

உரோமானியர் காசு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பொன்னும் வெள்ளியும்தாம். கரூர், கோவை வட்டாரங்களிலும் புதுக்கோட்டையிலும் புதையல்களாகக் கிடைத்தவை, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் கண்டு வியப்பவை எல்லாம் பேரரசு முழுமைக்கும் பொதுவாக அடிக்கப்பட்ட நாணயங்கள். அவற்றில் இருப்பவை இலத்தீன் எழுத்துகள். ஆனால் கிரேக்கத்திலும், இன்று துருக்கி எனப்படும் சிறிய ஆசியாவிலும், சிரியாவிலும் காய்கறி வாங்கவும் குளியல் மண்டபத்துக்குக் கட்டணம் கொடுக்கவும் மக்கள் பயன்படுத்திய சில்லறை, அந்தந்த நகரமே அடித்துக்கொண்ட செம்புக் காசு. எகிப்துக்கு வேண்டிய காசுகளை அலெக்சாந்திரியா அடித்தது. இவ்வாறு காசு வெளியிட்ட நகரங்கள் நூற்றுக்கணக்கானவை. பேரரசின் மேற்குப் பகுதியில் இவ்வழக்கம் கிளாடியஸ் ஆட்சிக்காலத்தோடு முடிந்துவிட்டது. கிழக்கிலோ கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்தது. இவற்றையே மாகாண நாணயங்கள் என்று நாணயவியலார் அழைக்கின்றனர். பெரும்பாலானவற்றில் முகப்புப் பக்கம் பேரரசனுக்கு உரியது. பின்பக்கம் ஊருக்கு உரியது. ஊர்த்தெய்வம், கோயில், ஆறு, மலை, ஊரை நிறுவியவனாகச் சொல்லப்படும் வீரன் என்று தன் பெருமை எதுவோ அதனை அப்பக்கத்தில் அந்நகரம் பொறித்துக்கொண்டது.

தகரப்பெட்டி

தமிழ் பயிற்றும் எனக்கு இக்காசுகளோடு உறவு ஏற்பட்டது என் தாய்மாமாவால். அவர் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் பணிபுரிந்தவர். சூயஸ் கால்வாய் 1967-இல் மூடப்படுவதற்கு முன் பலமுறை அவ்வழியே சென்று வந்தவர். அலெக்சாந்திரியாவிலும் இஸ்மிரிலும் கப்பல் நின்ற நாள்களில் துறைமுகக் கடைத்தெருவில் வாங்கிய ஒன்பது காசுகளை ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். "ரோமாபுரிக் காசு" என்று சொல்லிக் காட்டுவார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் மறைந்தபின் நிலமும் வீடும் நகையும் பங்கிடப்பட்டன. எவரும் கேட்காத அந்தப் பெட்டியை அத்தை என்னிடம் கொடுத்தார்.

கொடுக்கும்போது அவர் சொன்ன செய்தி என்னைச் சற்றுத் திடுக்கிட வைத்தது. "ரொம்பக் கறுத்துக் கிடந்துச்சுப்பா. கார்த்திகைக்குக் குத்துவிளக்குத் தேய்க்கும்போது நாலஞ்சைப் புளி போட்டு நல்லா வெளக்கி வச்சேன்" என்றார். கணவரின் பொருளின்மீது அவர் கொண்ட அன்பு அது. செம்பு நெடுங்காலம் மண்ணில் கிடக்கும்போது அதன் மேற்பரப்பு மெல்ல மாறிப் பச்சையாகவோ கருமையாகவோ ஒரு படலம் ஆகிவிடுகிறது. நாம் அதனைக் களிம்பு என்று ஒதுக்குகிறோம். ஆனால் பழங்காசில் எஞ்சியிருக்கும் எழுத்தின் கூர்மையும் முடியின் கோடும் பெரும்பாலும் அந்தப் படலத்திலேயே தங்கியிருக்கின்றன. புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் உடன் கரைந்துவிடும். ஒன்பதில் நான்கு, புதுப் பித்தளைப் பொத்தான்களைப் போல் மின்னின. அவற்றில் படிக்க ஒன்றும் இல்லை.

எஞ்சியவற்றை ஆராயத் தொடங்கியபோது நான் கற்ற முதற்பாடம், முகத்தில் தொடங்கக் கூடாது என்பது. முகம் நம்மை ஈர்க்கும். அது யாருடையது என்று அறியும் ஆவலில் இல்லாத மூக்கையும் நாம் வரைந்துவிடுவோம். உலோகத்தில் தொடங்குவதே முறை. எங்கள் ஊர் நகைக்கடைக்காரர் தம் மின்னணுத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் கொடுத்தார். செம்புக்கு உரைகல் எதற்கு என்று சிரித்தாலும், எடையைக் கிராமின் நூறில் ஒரு பங்குவரை எழுதித் தந்தார். எடை மட்டும் ஊரைச் சொல்லாது. நகரச் செம்புக் காசுகளைப் பொன்னைப் போல் எவரும் நிறுத்து அடிக்கவில்லை. ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகளுக்கிடையே ஒன்றிரண்டு கிராம் வேறுபாடு இருக்கலாம். எனினும் எடை, குறுக்களவு, தடிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்தெந்த இடங்களை விலக்கலாம் என்பது தெரியவரும்.

அடுத்துக் காசின் நடுவைப் பார்க்கவேண்டும். இரண்டு காசுகளின் இருபுறமும் சரியாக மையத்தில் ஊசி முனையால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் இருந்தன. அச்சடிக்கும் முன் உலோக வில்லையைச் சமப்படுத்திய கருவியின் தடம் அது என்று ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். சிறிய ஆசியாவிலும் பால்கன் பகுதியிலும் அடிக்கப்பட்ட காசுகளில் இக்குழியை மிகுதியாகக் காணலாம். உரோம் நகரில் அடித்தவற்றில் பெரும்பாலும் காணமுடியாது. மாமாவின் "ரோமாபுரி" அந்த ஊசிமுனைக் குழியிலேயே ஆட்டங்கண்டது.

ஆறாம் வேற்றுமை

எழுத்தைப் படிப்பதற்கு உருப்பெருக்கியைவிட உதவுவது விளக்கு வைக்கும் இடம். நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் தேய்ந்த காசு வெறும் வட்டமாகவே தெரியும். மேசை விளக்கைத் தாழ்த்திக் காசின் விளிம்பை ஒட்டிக் கிடைமட்டமாக ஒளி பாயச் செய்தால், தலைமுடியின் தடிப்பளவே எஞ்சியிருக்கும் மேடும் நிழல் வீழ்த்தும். காசை மெல்லச் சுழற்றச் சுழற்ற ஓர் எழுத்து தோன்றும்; இன்னும் சற்றுச் சுழற்றினால் அது மறைந்து பக்கத்து எழுத்து தோன்றும். ஒரு சொல்லை முழுமையாக ஒரே நேரத்தில் காண்பது அரிது. ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் என் பாடம் எனக்குக் கைகொடுத்தது. மாகாணக் காசுகளில் பெரும்பாலானவற்றின் எழுத்து கிரேக்கம். அகஸ்டஸ் என்னும் பட்டம் அங்கே 'செபஸ்டோஸ்' ஆகும். ஊரின் பெயர் பெரும்பாலும் ஊராகவே பொறிக்கப்படுவதில்லை. ஊராருடைய பெயராகப் பொறிக்கப்படுகிறது. எபேசு நகரக் காசில் 'எபெசியோன்' என்றிருக்கும். 'எபேசு மக்களுடைய' என்பது பொருள். சிமிர்னா நகரக் காசில் 'சிமிர்னையோன்', பெர்கமம் காசில் 'பெர்கமேனோன்'. நம் இலக்கணத்தில் இதனை ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள் என்போம். இக்காசு யாருடையது என்ற வினாவுக்கு அரசனின் பெயரைச் சொல்லாமல் மக்களின் பெயரைச் சொல்கிறது அந்த வேற்றுமை. அரசனின் தலை மறுபுறம் இருக்கும்போதே இப்படிச் சொல்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் இந்த இலக்கணம் தேடுபவனுக்கு ஒரு தொல்லையும் தருகிறது. ஏறத்தாழ எல்லா ஊர்ப்பெயர்களும் 'ஓன்' என்றே முடிவதால், கடைசி எழுத்துகள் தெளிவாக எஞ்சியிருந்து பயனில்லை, முதலெழுத்துகள் வேண்டும். எழுத்தின் வடிவமும் ஒருநிலையாக இராது. சகர ஒலிக்கு உரிய எழுத்து ஒரு காசில் கோணல்மாணலாக நான்கு கோடுகளோடும், இன்னொன்றில் பிறைநிலாப் போலவும், வேறொன்றில் சதுரமாகவும் இருக்கும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. இடம் நோக்கியே படிக்கவேண்டும். சுவடி படித்துப் பழகியவர்களுக்குக் கிரேக்கக் காசு அவ்வளவு அச்சம் தராது என்றே நினைக்கிறேன். செல்லரித்த ஏட்டில் அடியின் இரண்டாம் எழுத்து போயிருந்தால் எதுகையைக் கொண்டு ஊகிக்கிறோம். காசில் எதுகைக்கு மாற்றாகப் பின்பக்கத்து உருவம் நிற்கிறது.

ஒரு காசில் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் இல்லை. நடுவே 'ர்னை' என்பது மட்டும் ஒருவாறு தெரிந்தது. உருவமோ, எதிரெதிரே நிற்கும் இரண்டு பெண்கள். தலை இல்லை, உடையின் மடிப்பு இல்லை, இரு நிழல்கள். ஆனால் அந்த இரட்டை நிழலே போதுமானதாயிற்று. செருக்குற்றவரைத் தண்டிக்கும் நெமெசிஸ் என்னும் தெய்வம் பிற ஊர்களில் ஒருத்தி. சிமிர்னாவில் மட்டும் இருவர். அலெக்சாந்தர் வேட்டையாடிக் களைத்து மரத்தடியில் உறங்கியபோது அவ்விருவரும் கனவில் தோன்றி அங்கே புதிய நகரை எழுப்பச் சொன்னதாகப் பௌசானியாஸ் எழுதியுள்ளார். அந்தக் கனவையே பொறித்த காசுகளும் அந்நகரில் வெளிவந்துள்ளன. சிமிர்னாதான் இன்றைய இஸ்மிர். மாமாவின் கப்பல் நின்ற துறைமுகம்.

அதன் முகப்பில் இருப்பது ஒரு பெண்ணின் தலை. முகம் முற்றும் போய்விட்டது. காதை மூடி அலையலையாக இறங்கிப் பின்கழுத்தில் திரளும் கனத்த கூந்தலின் வெளிக்கோடு மட்டும் உள்ளது. அரசியரின் கூந்தல் ஒப்பனை தலைமுறைக்குத் தலைமுறை மாறியதால் அதுவே ஒரு காலக்கணக்கு. இது கி.பி. 193 முதல் 211 வரை ஆண்ட செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னா காலத்துப் பாணி. ஆண் தலையாயின் தாடியைப் பார்ப்பார்கள். தாடியைப் பேரரசருக்குரிய வழக்கமாக்கியவர் ஹேட்ரியன். ஆகவே நன்கு வளர்ந்த தாடியோடு அரசன் தலை இருந்தால் அக்காசு பெரும்பாலும் கி.பி. 117-க்குப் பிற்பட்டது எனலாம். அந்தத் தலை அரசனுடையதா, சியூசு போன்ற தெய்வத்துடையதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தெய்வங்களுக்கு எக்காலத்தும் தாடி உண்டு.

யாருடைய இரண்டாம் ஆண்டு?

பெட்டியில் இருந்தவற்றில் அத்தையின் புளிக்குத் தப்பிய ஒன்று, மற்றவற்றைவிடச் சிறியது, ஆனால் தடித்தது. எட்டு கிராமுக்குச் சற்று மிகும். அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உலவியது: அதில் அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் இருக்கிறது என்று மாமா ஒருமுறை சொன்னாராம். மாமாவின் மகன் அதைப் பிடிவாதமாக நம்பினான். நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பழைய உலகின் அதிசயங்களுள் ஒன்றான ஃபாரோஸ் கலங்கரை விளக்கத்தை அலெக்சாந்திரியக் காசுகள் பலமுறை காட்டியுள்ளன. நிலநடுக்கங்களில் இடிந்துபோன அக்கட்டடத்தின் தோற்றத்தை அறிய இன்று உதவும் சான்றுகளுள் அக்காசுகளும் அடங்கும். கடலோடி ஒருவர் கலங்கரை விளக்கம் பொறித்த காசை வாங்கி வந்தார் என்பது கேட்கவும் இனிதாக இருக்கிறது.

தாழ்த்திய விளக்கொளியில் அவனும் நானும் பார்த்தோம். நிமிர்ந்து நிற்கும் ஒரு வடிவம் தெரிந்தது. "அதோ கோபுரம்" என்றான். காசைச் சுழற்றினோம். வடிவத்தின் இருபுறமும் சரிவாகக் கோடுகள். கீழே பிளந்த இரு கால்கள். மேலே ஒரு பக்கம் திரும்பிய அலகு. அலகில் ஒரு வளையம். அது மாலையைக் கவ்வி நிற்கும் கழுகு. அவன் முகம் வாடியது. எனக்கும் வருத்தந்தான். ஆனால் கழுகின் பக்கத்தில் வேறொன்று இருந்தது: ஆங்கிலப் பெரிய எழுத்து 'எல்' போன்ற ஒரு குறியும் கிரேக்க எழுத்து 'பீட்டா'வும்.

அந்தக் குறி எகிப்தில் 'ஆண்டு' என்பதைச் சுட்டுவது. கிரேக்கர் எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தினர். நாம் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று எழுதியதுபோல, அவர்களுக்கு ஆல்பா ஒன்று, பீட்டா இரண்டு. ஆக, இது ஓர் அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. எகிப்தில் ஆண்டு பொதுவாக ஆகஸ்டு 29-இல் பிறக்கும். அதற்குச் சில நாள் முன் பட்டமேற்றாலும் அந்நாள்களே முதலாண்டு எனக் கொள்ளப்படும். ஹேட்ரியன் கி.பி. 117 ஆகஸ்டு 11-இல் பேரரசன் ஆனான். எகிப்தியக் கணக்கில் அவனுடைய இரண்டாம் ஆண்டு பதினெட்டே நாளில் தொடங்கிவிட்டது.

நம் காசு ஹேட்ரியனுடையதன்று. அவன் காலத்தில் அலெக்சாந்திரியக் காசுகள் இதனினும் அகன்றும் கனத்தும் இருந்தன. வெள்ளி பெயரளவுக்கே கலந்து, சிறுத்துத் தடித்துப்போன இவ்வடிவம் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியது. அக்காலத்தில் பேரரசர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டு மாறிக்கொண்டிருந்தனர். கிளாடியஸ் கோதிகஸ், புரோபஸ் இருவரின் இரண்டாம் ஆண்டுக் காசுகளிலும் இத்தகைய கழுகு உண்டு. முகப்பில் எஞ்சியிருப்பது பின்கழுத்தில் தொங்கும் மாலையின் நாடா மட்டுமே. ஆண்டு தெரிகிறது; யாருடைய ஆண்டு என்பது தெரியவில்லை. "இரண்டில் ஒன்றை எழுதிவிடேன்" என்றான் மாமாவின் மகன். நான் எழுதவில்லை.

அந்தியோக்கியாக் காசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாலைக்குள் இரண்டே இலத்தீன் எழுத்துகள். செனட் அவையின் ஆணையைக் குறிப்பவை. கிரேக்கம் பேசிய சிரிய நகரின் காசில் அவை ஏன் வந்தன என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். எழுத்து பெரிதாதலால் எவ்வளவு தேய்ந்தாலும் ஊர் தெரிந்துவிடுகிறது.

தேய்ந்ததும் தேய்த்ததும்

ஒரு காசில் முகம் இல்லையென்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். விரல்கள் தேய்த்திருக்கலாம், மண் அரித்திருக்கலாம், புளி கரைத்திருக்கலாம். இவை தவிர இன்னொன்றும் உண்டு. செப்டிமியஸ் செவரஸின் மக்கள் காரகல்லா, கெட்டா இருவரும் தந்தைக்குப்பின் கூட்டாக ஆட்சி ஏற்றனர். அவ்வாண்டு, கி.பி. 211, முடிவதற்குள் காரகல்லா தம்பியைக் கொலை செய்வித்தான். தாய் ஜூலியா டோம்னாவின் மடியிலேயே கெட்டா உயிர்விட்டான் என்று அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். பிறகு கெட்டாவின் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக்கூடாது என்று கட்டளை பிறந்தது. சிறிய ஆசியாவில் ஸ்ட்ராடோனிக்கேயா என்னும் நகரம், அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நோக்கும் பெரிய செம்புக் காசுகளை முன்பே வெளியிட்டிருந்தது. அந்நகரத்தார் அவற்றை உருக்கவில்லை. கெட்டாவின் தலையை மட்டும் அடித்தும் சுரண்டியும் சமன்செய்து, மேல்முத்திரை குத்தி, மீண்டும் புழக்கத்தில் விட்டனர். இன்று அருங்காட்சியகங்களில் அக்காசுகளைக் காணலாம்: ஒருபுறம் காரகல்லா, அவனுக்கு எதிரே வெற்றிடம்.

தேய்மானத்தையும் அழிப்பையும் வேறுபடுத்திக் காண்பது கடினமன்று. தேய்மானம் காசின் முழுப் பரப்பிலும் ஒரே சீராக இறங்கும். அழிப்பு ஒரே இடத்தில் பள்ளமாக நிற்கும். நம் புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளுள் மிகப் பலவற்றில் அரசனின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அவை மாகாணக் காசுகள் அல்ல. வெட்டிய காரணமும் கெட்டாவின் கதையோடு தொடர்புடையதன்று. காசாகச் செல்லாதபடி செய்து பொன்னாக மட்டும் மதிக்கவே வெட்டினர் என்பது ஆய்வாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. ஆயினும் அந்தத் தழும்பைப் பார்த்தவுடன், இது புழங்கித் தேய்ந்தது அன்று என்பது எவருக்கும் விளங்கும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. எருசலேமில் தங்கியிருந்த உரோமானியரின் பத்தாம் படையணி, கைக்குக் கிடைத்த பழைய செம்புக் காசுகளில் தன் எண்ணையும், காட்டுப்பன்றி, கப்பல் ஆகிய தன் சின்னங்களையும் முத்திரையாகக் குத்தியது. பல காசுகளில் அம்முத்திரை கூர்மையாக இருக்கிறது. தாங்கி நிற்கும் காசோ வழவழப்பான வில்லை. எந்த ஊரில் பிறந்தது என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

இத்துறையில் இன்று நமக்குப் பெருந்துணையாக இருப்பது 'உரோமானிய மாகாண நாணயங்கள்' என்னும் தொகுப்பு. பிரித்தானிய அருங்காட்சியகமும் பிரான்சு தேசிய நூலகமும் இணைந்து வெளியிட்ட அதன் முதல் தொகுதி 1992-இல் வந்தது. இப்போது அதன் பெரும்பகுதியை இணையத்தில் படங்களோடு எவரும் பார்க்கலாம். எழுத்தின் ஒரு துண்டைக் கொடுத்துத் தேட முடியும். சிற்றூர் ஆசிரியன் ஒருவன் தன் மேசையிலிருந்தே சிமிர்னாவின் இரட்டைத் தெய்வங்களைச் சரிபார்க்க முடிந்தது அதனால்தான்.

ஆனால் எந்தத் தொகுப்பாலும் மீட்க முடியாத ஒன்று இருக்கிறது. இந்த ஒன்பதும் எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன என்பது கடைத்தெருவிலேயே தொலைந்துவிட்டது. வீட்டுத் தரையின் கீழா, கல்லறையிலா, கிணற்றிலா, அருகில் வேறு என்ன கிடந்தது என்பவை தெரிந்திருந்தால், முற்றும் தேய்ந்த காசும் ஒரு சான்றாக எழுந்து நின்றிருக்கும். தேய்மானத்தைவிடவும் புளியைவிடவும் பெரிய இழப்பு இதுவே என்பது என் கருத்து. எகிப்தும் துருக்கியும் தொல்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதை இன்று சட்டத்தால் தடுக்கின்றன. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உள்ளது. நிலத்தை உழும்போது ஒரு காசு தட்டுப்பட்டால் அதைத் துலக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறையிடம் தெரிவிக்குமாறு என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

காசுகளை இப்போது தனித்தனித் தாளுறைகளில் இட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வோர் உறையின் மேலும் அறிந்ததைப் பென்சிலால் எழுதியுள்ளேன்; மை என்றால் திருத்த முடியாது. கழுகுக் காசின் உறையில் 'அலெக்சாந்திரியா, ஆண்டு 2' என்று இருக்கிறது; அரசன் பெயருக்குரிய இடம் காலி. கடைசி உறையில் உள்ளது நடுவில் குழியுள்ள காசுகளில் ஒன்று. அதன் மேல் எழுதியிருப்பது இவ்வளவுதான்: செம்பு. 24 மி.மீ. 7.92 கிராம். இருபுறமும் நடுக்குழி. முகப்பில் வலம் நோக்கிய அரசன் தலை, தாடி உண்டு. பின்புறம் நிற்கும் உருவம், கையில் ஏதோ ஒன்று. இறுதி எழுத்துகள் 'ஓன்'. சிறிய ஆசியாவாகலாம், கி.பி. 117-க்குப் பின். ஊர்?